மூன்றாவது அலசல்

திருத்தணியில் வெள்ளை என்றால் அது தணிகாசலத்தின் வெள்ளைதான். மற்றவர்கள் வெளுப்பதெல்லாம் வெளுத்த மஞ்சள். இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் தணிகாசலமே சொல்லிவிடுவார்.

மலையடிவாரத்து லாட்ஜுகளில் இருபத்தெட்டு லாட்ஜின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அவருடைய லாண்டிரிக்குத்தான் வருகின்றன. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் விரிப்புக்குக் குறையாது. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம், காவடிக்காரர்களின் மஞ்சள், குங்குமம், விபூதி, பஞ்சாமிர்தம், குழந்தை கக்கிய பால் எல்லாம் அந்த விரிப்புகளில்தான் வந்து இறங்கும். மறுநாள் காலையில் அத்தனையும் அன்றைக்குத்தான் நெய்தது போல லாட்ஜுக்குத் திரும்பும்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். பத்தொன்பது வயதில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கச் சேர்ந்தார். அப்போது இருந்தது ஒரு கல்லும் ஒரு தொட்டியும். இப்போது நாலு பெரிய மெஷின், எட்டு ஆள், சொந்த போர்வெல். வேலைக்கு யார் வந்தாலும் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று.

"மூணு அலசல். மொத அலசல் அழுக்குக்கு. ரெண்டாவது சோப்புக்கு. மூணாவது நம்ம மானத்துக்கு."

இப்படிப்பட்ட மனிதர் அறுபத்தொரு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஏன் போனார் என்றால், அதற்குக் காரணம் ஒரு சட்டை.

மகன் பிரகாஷுக்கு அரக்கோணத்தில் பெண் பார்த்து நிச்சயம் ஆனது. பெண்ணின் அப்பா சின்னசாமி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்திலேயே வேதியியல் படித்து பி.எஸ்சி. வாங்கியவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த பி.எஸ்சி.யில் வந்து நிற்கும். நிச்சயத் தட்டு மாற்றும்போது மஞ்சள் கிண்ணம் சாய்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. அவர் மனைவி பதறிப்போய் சோப்பை எடுத்துத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. பளீரென்று ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. கூடத்தில் இருந்த பெண்கள் "ஐயையோ" என்று எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரோ கத்தியால் குத்திவிட்டது போலத்தான் இருந்தது.

தணிகாசலம் அசையவில்லை. "ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கம்மா" என்றார். பிழிந்து விட்டதும் சிவப்பு ஓடிப்போய் மறுபடி மஞ்சள் ஆனது. "இப்ப தண்ணில நல்லா அலசி வெயில்ல போடுங்க. சாயங்காலம் பாருங்க" என்றார். சாயங்காலம் சட்டை கொக்கு போல இருந்தது.

ஊரே அவரைப் பார்த்தது. அதைப் பொறுக்காமல் சின்னசாமி தொண்டையைக் கனைத்தார்.

"இது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல சம்பந்தி. அமிலம், காரம். மஞ்சள் ஒரு நிறங்காட்டி. அதெல்லாம் உங்களுக்குச் சொன்னா புரியாது."

தணிகாசலத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெண் வீட்டார் அடித்திருந்த நிச்சயதார்த்தப் பத்திரிகையை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தார். மணமகள் யுவஸ்ரீ, எம்.எஸ்சி. மணமகன் பிரகாஷ், பி.இ. பெண்ணின் தந்தை சின்னசாமி, பி.எஸ்சி. பெண்ணின் மாமன்கூட டி.எம்.இ. நடுவில் 'தணிகாசலம்' என்று ஒரு பெயர், பின்னால் ஒரு புள்ளிகூட இல்லாமல் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தேசம்மாவிடம் சொன்னார். "கல்யாணப் பத்திரிகைல எம் பேருக்குப் பின்னாடி எஸ்.எஸ்.எல்.சி.னு இருக்கும். இல்லாங்காட்டி எம் பேரே போட வேணாம்."

"இன்னாய்யா பேசற? கல்யாணம் அடுத்த ஆனில. அதுக்குள்ள எங்கேந்து வரும் எஸ்.எஸ்.எல்.சி.?"

"எழுதி வாங்குவேன்."

"இந்த வயசுலயா? கண்ணாடி போட்டாலே மாத்திரைச் சீட்டு படிக்க மாட்டேங்கற."

"பேரு மொட்டையா நிக்குதுடி!"

"திருத்தணில மொட்டை இன்னா புதுசா? ஊரே மொட்டையாத்தான் சுத்திகினு கீது" என்றாள் தேசம்மா. ஆனால் மறுநாள் தனித்தேர்வர் விண்ணப்பத்துக்கு அவருடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

தமிழும் சமூக அறிவியலும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு, விரிப்பு எண்ணி எண்ணிப் பழகினது. ஆங்கிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தார். அறிவியலுக்கு மட்டும் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு நடந்தது. மொத்தம் பன்னிரண்டு தனித்தேர்வர்கள். பதினொரு பேர் இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள். பன்னிரண்டாவது ஆள் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பு எடுத்தவர் ஜெபசெல்வி டீச்சர். முதல் நாள் அமிலத்தையும் காரத்தையும் விளக்கினார். பூஜ்ஜியத்திலிருந்து பதினான்கு வரை ஒரு கோடு போட்டு, "ஏழு நடுநிலை. ஏழுக்குக் கீழே அமிலம். மேலே போகப் போகக் காரம்" என்றார்.

தணிகாசலம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார். "டீச்சர், இது என் கடை அலமாரிங்க."

வகுப்பு சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. "சிரிக்காதீங்கப்பா. இரும்புக் கறைக்குப் போடற எலுமிச்சை உப்பு இந்தக் கோடியில. புளி அதுக்குப் பக்கத்துல. நல்ல தண்ணி நடுவுல. துணி சோப்பு அதத் தாண்டி. சலவை சோடா அதுக்கும் மேல. கடைசில காஸ்டிக் சோடா, தொட்டா விரல் வழவழன்னு ஆயிடும். நாப்பது வருசமா இதே வரிசைலதான் டீச்சர் அடுக்கி வச்சிகினு கீறேன். நம்பர் போடல, அவ்ளோதான்."

ஜெபசெல்வி டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "காரம் ஏன் வழவழன்னு இருக்கு, தெரியுமா ஐயா?"

"தெரியாதுங்க."

"நம்ம தோல்ல இருக்கிற எண்ணெயை அது சோப்பா மாத்துது. உங்க விரலே சோப்பு ஆகுது."

தணிகாசலம் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருடம் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகக் காய்ச்சியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் நடுநிலையாக்கல். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கி உப்பும் தண்ணீரும் ஆகிவிடும். அந்தக் காரம் சோடா வகையாக இருந்தால் கரியமில வாயுவும் நுரைத்துக்கொண்டு கிளம்பும் என்றார் டீச்சர்.

"இதுக்காக ஒரு ஆளையே வேலைய வுட்டு நிறுத்தியிருக்கேன் டீச்சர்" என்றார் தணிகாசலம். "கறை எடுக்கற தொட்டில எலுமிச்சை உப்பு போட்டு வச்சிருந்தேன். அந்தப் பையன் தெரியாம அதுலயே சோடாவைக் கொட்டிட்டான். சுர்ர்ருனு பொங்கிச்சு பாருங்க, தீபாவளி மாதிரி. அப்புறம் பாத்தா கறையும் போவல, அழுக்கும் போவல. ரெண்டு சரக்கும் செத்துப்போச்சு."

"செத்துப்போகலை ஐயா. நடுநிலை ஆயிடுச்சு."

"அந்தப் பையன்கிட்ட அப்படிச் சொல்லியிருந்தா அழாம போயிருப்பான்."

மாசி மாதம் செய்முறைத் தேர்வு வந்தது. பத்து மணித் தேர்வுக்குத் தணிகாசலம் ஏழரைக்கே பள்ளிக்கூடத்தில் நின்றார். ஆய்வகத்தில் ஜெபசெல்வி டீச்சர் தனியாக பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு இருப்பவர் விடுப்பு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து சேர ஒன்பதரை ஆகும்.

தணிகாசலத்தின் கண் சோதனைக்குழாய்களில் போய் விழுந்தது. முப்பத்தாறு குழாய். அத்தனையிலும் பழைய கறை. ஒன்றில் பச்சை, ஒன்றில் பழுப்பு. பூசணம் பிடித்த வேட்டியைப் பார்த்தது போல அவருக்கு உடம்பு கூசியது.

"இதுலயா டீச்சர் பரீட்சை? குடுங்க, நான் கழுவிடறேன்."

"நீங்க தேர்வு எழுத வந்தவரு ஐயா, வேணாம்."

"ரெண்டரை மணி நேரம் நான் இன்னா செய்யறது? நகத்தையா கடிச்சிகினு இருக்கறது?"

டீச்சருக்கும் வேலை மலையாகக் கிடந்தது. "சரி. ஆனா நல்லா அலசிடுங்க ஐயா."

"என்னாண்டயா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் தணிகாசலம். இந்தக் கேள்வியைத்தான் பிறகு வெகு நாள் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

வண்டிப் பெட்டியில் எப்போதும் இருக்கும் சலவை சோடாப் பொட்டலத்தை எடுத்து வந்தார். வாளித் தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கெட்டியாகக் கரைத்தார். குழாய்களை ஊற வைத்துப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கண்ணாடி பளிச்சென்று மின்னியது. அலசலாம் என்று பைப்பைத் திறந்தால் சொட்டு நீர் இல்லை. கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது. பக்கத்து வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. அதிலேயே முப்பத்தாறு குழாயையும் ஒரு முக்கு முக்கி எடுத்து, உதறித் தாங்கியில் நிறுத்தினார். தண்ணீர் வந்ததும் இன்னும் இரண்டு அலசல் போடலாம் என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் சக தேர்வர்கள் வந்துவிட்டார்கள். "பெருசு, மெத்தில் ஆரஞ்சு அமிலத்துல இன்னா கலரு?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருத்தி சந்தேகம் கேட்டாள். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவர் குளிர்ந்துபோனதில் அந்த இரண்டு அலசலும் மறந்தே போயின.

தேர்வு தொடங்கியது. ஆளுக்கு மூன்று குழாய், ஒரு சிறு பாட்டிலில் பெயர் எழுதாத திரவம். அது அமிலமா காரமா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். பினாப்தலின் விட்டால் காரம் இளஞ்சிவப்பாகும், அமிலம் நிறம் மாறாது. மெத்தில் ஆரஞ்சு விட்டால் அமிலம் இளஞ்சிவப்பு, காரம் மஞ்சள். கடைசியில் சோடியம் கார்பனேட் போட்டால் அமிலம் நுரைத்துப் பொங்கும். இந்தக் கடைசிச் சாமானும் சலவை சோடாவும் ஒன்றுதான் என்று டீச்சர் சொன்ன அன்று தணிகாசலம் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

முதல் குழாயில் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினார். 'சுர்ர்' என்று ஒரு சத்தம்.

அவர் கை அப்படியே நின்றது. இன்னும் எதுவுமே போடவில்லை. ஏன் பொங்குகிறது? பினாப்தலின் ஒரு சொட்டு விட்டார். ரோஜாப்பூ நிறம். காரம் என்றது குழாய். இரண்டாவதில் மெத்தில் ஆரஞ்சு. மஞ்சள். அதுவும் காரம் என்றது. ஆனால் அவர் காது 'சுர்ர்' என்றதைக் கேட்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. சோடாவின் தலையில் அமிலம் விழுந்தால் மட்டும் வரும் சத்தம் அது.

இன்னும் தொடாத மூன்றாவது குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காய்ந்த குழாயின் அடியில் மெலிதாக வெள்ளைப் படலம். அவர் கொண்டுவந்த சோடா. ஒரே ஒரு அலசல்.

பக்கத்து மேசையில் சினேகா. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். அறிவியலில் மட்டும் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பாகக் கிசுகிசுத்தாள். "தாத்தா, எனக்கு பிங்க் வந்துடுச்சு. காரம்னு எழுதிட்டேன்!"

"ஊத்தறப்போ பொங்கிச்சாம்மா?"

"லேசா. அதனால இன்னா?"

தணிகாசலம் தன் தாளைப் பார்த்தார். தன் தாளில் 'அமிலம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. மதிப்பெண் வந்துவிடும். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தும் வந்துவிடும். எழுந்து நின்றாலோ, தேர்வாளர் வெளியே போ என்று சொன்னாலும் சொல்வார். அதைவிடப் பெரிய விஷயம், என்ன சொல்லி எழுந்து நிற்பது? தணிகாசலம் அலசலில் விட்டான் என்று தணிகாசலமே சொல்ல வேண்டும். இருபத்தெட்டு லாட்ஜில் ஒரு மேனேஜர்கூட இதுவரை சொல்லாத வார்த்தை.

விரிப்பில் சோடா நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்து படுத்தவருக்கு ராத்திரி முழுக்க முதுகு அரிக்கும். எதனால் என்று தெரியாமல் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவார். சினேகாவும் அப்படித்தான், தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு போவாள்.

கையைத் தூக்கினார்.

"என்ன பெரியவரே?" என்றார் தேர்வாளர். கறாரான ஆள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஐயா, எல்லாரையும் நிறுத்துங்க. டியூப்ல சோடா நிக்குது."

"யார் கழுவினது?"

ஜெபசெல்வி டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. "சார், நான்தான் அவரைக் கழுவச் சொல்லி..." என்று தொடங்கினார்.

"டீச்சர் மேல தப்பு இல்லீங்க. நல்லா அலசுங்கனு சொன்னாங்க. நான்தான் கழுவுனேன். மூணு அலசல் அலசணும். ஒண்ணோட வுட்டுட்டேன்."

"நீங்க தேர்வு எழுத வந்தீங்களா, பாத்திரம் கழுவ வந்தீங்களா? உங்களை வெளியே அனுப்ப முடியும், தெரியுமா?"

"ஆங், அனுப்புங்க ஐயா. ஆனா இவங்கள மறுபடி செய்ய வுடுங்க. அமிலம் கெடச்ச அத்தினி பேரும் காரம்னு எழுதிகினு கீறாங்க."

"சோடாதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? வாயால சொன்னா ஆச்சா?"

தணிகாசலம் தன் மேசையில் இருந்த அந்த மூன்றாவது குழாயை எடுத்தார். மூலையில் இருந்த குடிதண்ணீர் கேனிலிருந்து கொஞ்சம் பிடித்தார். அதில் பினாப்தலின் ஒரு சொட்டு விட்டார். வெறும் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறியது.

"குடிதண்ணி காரமுங்களா ஐயா?"

தேர்வாளர் அந்தக் குழாயை வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கேன் தண்ணீரைத் தணிகாசலம் கழுவாத ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து அதிலும் ஒரு சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சரி. எல்லாரும் தாளைத் திருப்பி வைங்க. புது ஆரம்பம். டீச்சர், இன்னொரு கேன் தண்ணி வரவழைங்க." பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார். "கழுவினவரே அலசட்டும். ஆனா இந்தத் தடவை..."

"மூணுங்க" என்றார் தணிகாசலம்.

முப்பத்தாறு குழாயையும் அவர் அலசினார். பதினொரு பேரும் சத்தமாக எண்ணினார்கள். ஒண்ணு. ரெண்டு. மூணாவது அலசலுக்கு மட்டும் ஒருவன், "இது பெருசோட மானத்துக்கு!" என்று கத்தினான். சனிக்கிழமைகளில் அவர் அளந்த கதையெல்லாம் வீண் போகவில்லை. தேர்வாளர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தடவை குழாய்கள் உண்மையைச் சொல்லின. சினேகாவுக்குப் பிங்க் வரவில்லை. முதலில் முகம் வாடி, பிறகு கார்பனேட் போட்டதும் பொங்கியதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். வாய்மொழிக் கேள்விக்குத் தணிகாசலத்தின் முறை வந்தபோது தேர்வாளர் ஒன்றுதான் கேட்டார்.

"முதல்ல என்ன நடந்தது? விளக்குங்க."

"குழாய்ல இருந்த சோடா, அமிலத்தோட சேர்ந்து உப்பு, தண்ணி, கரியமில வாயு ஆச்சுங்க. வாயு போற சத்தம்தான் சுர்ருனு கேட்டது. சோடா சாஸ்தி, அமிலம் கம்மி. அமிலத்தை நடுநிலை ஆக்கிட்டு மிச்சம் நின்ன சோடா, ரெண்டு சொட்டு மருந்துகிட்டயும் காரம்னு காட்டிக் குடுத்துச்சு."

செத்துப்போச்சு என்று சொல்லாமல் நடுநிலை என்று சொன்னதைக் கேட்டு ஜெபசெல்வி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மே மாதம் முடிவு வந்தது. ஆங்கிலம் முப்பத்தாறு. அதைப் பற்றித் தணிகாசலம் யாரிடமும் பேசுவதில்லை. அறிவியல் எழுபத்தொன்று. அதைப் பற்றி பேசாத ஆள் திருத்தணியில் இல்லை, ஏனென்றால் அவர் எல்லாரிடமும் பேசிவிட்டார். சினேகா ஐம்பத்தெட்டு. ஜவுளிக்கடையிலிருந்து நேரே லாண்டிரிக்கு வந்து ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று சின்னசாமியும் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். முதல் பத்திரிகையை எடுத்து அவரிடம் நீட்டினார் தணிகாசலம். சின்னசாமி மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றார்.

"தணிகாசலம், எஸ்.எஸ்.எல்.சி." என்று வாய்விட்டுப் படித்தார். "அடேங்கப்பா! அறிவியல்ல எவ்ளோ சம்பந்தி?"

"எழுபத்தொண்ணு. உங்களுக்கு?"

"அது... அந்தக் காலத்துல மார்க்கு இவ்ளோ தாராளமா போட மாட்டாங்க."

தேசம்மா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு, மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு வந்தாள். பத்திரிகை நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி மலைக்கு எடுத்துப் போய் முருகன் காலடியில் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுக்க வேண்டும். மூலையில் மஞ்சள் வைக்க நானும் வருகிறேன் என்று சின்னசாமி எழுந்து, பைப்படிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலைக் கிண்ணத்தில் தோய்த்து முதல் பத்திரிகையின் மூலையில் வைத்தார்.

மூலை சிவப்பாக வந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். தணிகாசலம் மீசையை மெல்லத் தடவிக்கொண்டார். பி.எஸ்சி. படித்த மனிதர் தன் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து, மறுபடி பைப்படிக்கு நடந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி விழுந்தது. நின்றது.

"மூணாவது, சம்பந்தி!" என்று குரல் கொடுத்தார் தணிகாசலம்.

தண்ணீர் மறுபடி விழுந்தது.